டோம்கேட்டில் ஓடிய வார் கோப்பைக் கராஃபில் ஏற்றுவது எப்படி

டோம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரில் நாலு வருஷமாகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வார் கோப்பு (ஒரு வெப் ஆப்பை முழுசாகக் கட்டிய மூட்டை) ஒன்றை அப்பாச்சி கராஃப் என்ற வேறொரு சர்வருக்கு மாற்ற எனக்கு 11 நாள் பிடித்தது. இரண்டாவது வார் கோப்புக்கு 2 நாள். மூன்றாவதற்கு அரை நாள் போதுமாக இருந்தது. முதல் 11 நாளில் பெரும்பகுதி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தேடியதிலேயே போயிற்று. நீங்கள் அப்படித் தேட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு ஜாவாவும் அதை பில்ட் செய்யும் மேவன் கருவியும் பழக்கம், டோம்கேட்டில் டிப்ளாய் செய்திருக்கிறீர்கள், கராஃப் மட்டும் புதிது என்று வைத்துக்கொள்கிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். கராஃப் கன்சோலில் முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி டேப் அடித்தால் மீதியை அதுவே நிரப்பிவிடும்.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டோம்கேட்டில் உங்கள் வார் கோப்பு தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தன் மூட்டையிலேயே கட்டிக்கொண்டு வரும். குறைந்தால் டோம்கேட்டின் லிப் ஃபோல்டரில் இருப்பதைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். கராஃப் அப்படியில்லை, அது ஓஎஸ்ஜிஐ முறையில், அதாவது ஆப்பைத் தனித்தனித் துண்டுகளாக வைத்து ஓட்டும் முறையில், ஓடும் சர்வர். இங்கே ஒவ்வொரு ஜார் கோப்பும் ஒவ்வொரு வார் கோப்பும் ஒரு பண்டில். ஒவ்வொரு பண்டிலுக்கும் தனி கிளாஸ்லோடர் (கிளாஸ்களை மெமரிக்கு ஏற்றும் பகுதி). ஒரு பண்டில் "இதை வெளியே தருகிறேன்" என்று அறிவித்த பேக்கேஜ், "இது எனக்கு வேண்டும்" என்று எழுதிக் கேட்ட பண்டிலுக்கு மட்டுமே கிடைக்கும். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சீட்டில் எழுதிக் கொடுத்தது வண்டியில் வரும். எழுத மறந்த ஜல்லிக்கரண்டி கடையில் பத்து கிடந்தாலும் பந்தி நேரத்தில் உங்கள் கையில் இருக்காது. இங்கே அந்தச் சீட்டு மேனிஃபெஸ்ட் கோப்பு. நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி அந்தச் சீட்டில்தான்.

1. மாற வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

ஒரே ஒரு வார் கோப்பு, யாரோடும் எதையும் பகிராத ஆப் என்றால் டோம்கேட்டிலேயே இருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கராஃப் புதிது என்பதற்காக மாறினால் வேலை இரட்டிப்பாகும், லாபம் ஒன்றும் இருக்காது.

எங்களிடம் மூன்று ஆப்கள் இருந்தன: கிடங்கு இருப்பு, பில், ரிப்போர்ட். மூன்றிலும் ஒரே வரிக் கணக்குக் கோடு (டாக்ஸ் கணக்கிடும் புரோகிராம் பகுதி) நகல் எடுத்து ஒட்டப்பட்டிருந்தது. ஒன்றில் திருத்தினால் மற்ற இரண்டிலும் திருத்த வேண்டும், யாராவது ஒருவர் மறப்பார். அதோடு ரிப்போர்ட்டில் வாரத்துக்கு ஒரு மாற்றம் வரும், அதற்காக பில் போடும் கவுன்டரை நிறுத்த முடியாது. இந்த மாதிரி நிலைமைதான் கராஃபுக்குச் சரியான இடம். பொதுக் கோடு ஒரு பண்டில், மூன்று ஆப்கள் மூன்று பண்டில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம்.

2. பதிப்புகள் பொருந்துகின்றனவா

இதைக் கடைசியில் பார்த்தவன் நான். நீங்கள் முதலில் பாருங்கள், 10 நிமிட வேலை.

கராஃப் 4.4 வரிசைக்கு ஜாவா 11 அல்லது அதற்கு மேல் வேண்டும். அதற்குள் வெப் வேலையைப் பார்ப்பது பேக்ஸ் வெப் 8. அது தருவது சர்வ்லெட் 4.0 (பிரவுசர் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா முறை), அதாவது ஜாவாக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்கள். ஆனால் ஜாவா வெப் ஆப்களுக்கான பொது விதித்தொகுப்பான ஜகார்த்தா இஇயின் 9-ஆம் பதிப்பு முதல் அதே பேக்கேஜ்கள் ஜகார்த்தா என்ற பெயருக்கு மாறிவிட்டன. ஸ்ப்ரிங் 6, ஸ்ப்ரிங் பூட் 3 என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்குகள் இரண்டும் ஜகார்த்தா பெயரைத்தான் கேட்கும். இரண்டுக்கும் ஜாவா 17-உம் வேண்டும். அவற்றில் எழுதிய வார் கோப்பைக் கராஃப் 4.4-இல் போட்டால் எந்த மேனிஃபெஸ்ட் வித்தையும் பலிக்காது. கேட்கிற பொருளே கடையில் இல்லை.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் வார் கோப்பு டோம்கேட் 9-இல் ஓடுகிறதா? அப்படியானால் ஜாவாக்ஸ், மேலே தொடரலாம். டோம்கேட் 10-இல் மட்டுமே ஓடுகிறது என்றால் ஜகார்த்தா. அப்போது இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்லை.

3. கையில் இருக்க வேண்டிய கோப்புகளும் செலவும்

வேலையில் உட்காரும் முன் இவற்றை ஒரே ஃபோல்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள்: வார் கோப்பின் முழு சோர்ஸ், அதன் பாம் கோப்பு (மேவனுக்கான பில்ட் குறிப்பு), வெப் எக்ஸ்எம்எல், டோம்கேட்டின் சர்வர் எக்ஸ்எம்எல்லும் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்லும், டோம்கேட் லிப் ஃபோல்டரில் இருக்கும் ஜார்களின் பட்டியல். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். எப்போதோ யாரோ அதில் டேட்டாபேஸ் டிரைவரையோ மெயில் ஜாரையோ போட்டுவைத்திருப்பார்கள். கராஃபில் அவை கிடைக்காது, காரணம் புரியாமல் ஒரு நாள் போகும்.

சோர்ஸ் இல்லை, வார் கோப்பு மட்டும்தான் இருக்கிறது என்றாலும் 5-ஆம் படி வரை போகலாம். அதற்கு மேல் கஷ்டம்.

செலவைப் பொறுத்தவரை கராஃப் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருவதால் பைசா கிடையாது. ஜாவாவில்தான் கவனம் வேண்டும். ஆரக்கிள் ஜேடிகேயின் வணிகச் சந்தா 2023 ஜனவரி முதல் நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சர்வரில் ஜாவா தொடாத வாட்ச்மேனும் அந்தக் கணக்கில் வருவார். எக்லிப்ஸ் டெமுரின் போன்ற இலவச ஓபன்ஜேடிகே போட்டுக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை. சர்வர் வாடகை என்று பார்த்தால், எங்கள் மூன்று ஆப்களும் 2 ஜிபி ரேம் உள்ள ஒரு சின்ன மெஷினில் ஓடுகின்றன, அதில் 1 ஜிபி ஜாவாவுக்கு. டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருக்கிறது. இந்தியாவில் வாடகைக்கு எடுப்பவர்கள் விலைப்பட்டியலில் தெரியும் தொகையோடு 18% ஜிஎஸ்டியையும் சேர்த்து மேலிடத்துக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் பில் வரும்போது உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

உண்மையான செலவு ஆள் நேரம்தான். முதல் ஆப்புக்கு இரண்டு வாரம் கேட்டு வாங்குங்கள்.

4. கராஃபை எழுப்புதல்

கோப்பை இறக்கி விரித்ததும் பின் ஃபோல்டரில் உள்ள கராஃப் ஸ்க்ரிப்டை ஓட்டினால் சில நொடிகளில் கன்சோல் வந்துவிடும். ரூட் பயனராக ஓட்டாதீர்கள். தனி பயனர் ஒன்றை உருவாக்கி அந்தக் கணக்கில் ஓட்டுங்கள். பின்னால் மாற்றினால் டேட்டா ஃபோல்டரின் உரிமை குழம்பி கராஃப் எழ மறுக்கும்.

வெறும் கராஃபுக்கு வெப் தெரியாது. கன்சோலில் ஃபீச்சர்:இன்ஸ்டால் வார் என்று கொடுத்தால்தான் ஜெட்டி என்ற வெப் சர்வர், பேக்ஸ் வெப் எல்லாம் ஏறும். ஃபீச்சர் என்பது சேர்ந்து ஏறும் பண்டில்களின் தொகுப்பு. இந்த இடத்தில் இரண்டு விஷயங்கள் உங்களைப் பயமுறுத்தலாம்.

முதலாவது, ஃபீச்சர் ஏறும்போது கன்சோலே திடீரென்று அறுந்துபோகலாம், எஸ்எஸ்ஹெச் வழியாக வந்திருந்தால் முக்கியமாக. புதிய பண்டில்கள் வந்ததும் கராஃப் பழையவற்றைப் புதிதாக இணைக்கிறது. அதில் ஷெல் பண்டிலும் சேர்ந்துகொண்டால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையே வெட்டுப்படும். திரும்ப உள்ளே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும். இது வேண்டாம் என்றால் கட்டளையோடு நோ-ஆட்டோ-ரெஃப்ரெஷ் என்ற ஆப்ஷனைச் சேர்க்கலாம்.

இரண்டாவது, சர்வரில் இல்லாத ஃபீச்சரைக் கராஃப் மேவன் சென்ட்ரல் என்ற இணையக் கிடங்கில் இருந்து இறக்கப் பார்க்கும். உங்கள் லேப்டாப்பில் எல்லாம் சுலபமாக ஏறும். இணையம் மூடிய ஆபீஸ் சர்வரில் அதே கட்டளை நிமிடக்கணக்கில் தொங்கிவிட்டுத் தோற்கும். இதற்கு மருந்து 9-ஆம் படியில்.

வெப் போர்ட் வழக்கமாக 8181. டோம்கேட் பழக்கத்தில் 8080-ஐத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். மாற்ற வேண்டுமானால் இடிசி ஃபோல்டரில் பேக்ஸ் வெப் என்று முடியும் சிஎஃப்ஜி கோப்பைத் திருத்திச் சேமியுங்கள். கராஃப் தானே கவனித்து எடுத்துக்கொள்ளும்.

பிரவுசரில் 8181-ஐத் திறந்தால் 404 வரும். அது நல்ல சகுனம், ஜெட்டி எழுந்துவிட்டது என்று அர்த்தம்.

5. மூட்டையோடு ஏற்றிப் பார்த்தல்

கோடில் கைவைக்காமல், இருக்கிற வார் கோப்பை அப்படியே ஏற்ற ஒரு குறுக்குவழி இருக்கிறது. பண்டில்:இன்ஸ்டால் கட்டளையில் எஸ் ஆப்ஷன் கொடுத்து, கோப்பின் முகவரிக்கு முன்னால் வெப்பண்டில் என்ற முன்னொட்டையும், பின்னால் கேள்விக்குறி போட்டு வெப்-கான்டெக்ஸ்ட்பாத் (பிரவுசர் முகவரியில் ஆப்பைக் குறிக்கும் பகுதி) மதிப்பையும் சேர்க்க வேண்டும். கராஃப் உங்கள் வார் கோப்பைத் திறந்து, ஒரு மேனிஃபெஸ்ட்டைத் தானே எழுதி, உள்ளே இருக்கும் எல்லா ஜார்களையும் சேர்த்துப் பண்டிலாக மாற்றிவிடும்.

சின்ன பொறிகள் இரண்டு. முகவரியில் ஆம்பர்சண்ட் குறி வந்தால் முழு முகவரியையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கன்சோலுக்கு அந்தக் குறி "பின்னணியில் ஓட்டு" என்று கேட்கும். மேவன் முகவரி கொடுத்தால் பதிப்பு எண்ணுக்குப் பின் வார் என்ற வகையையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஜார் கோப்பைத் தேடிக் காணோம் என்று சொல்லும்.

ஏறியதும் வெப்:லிஸ்ட் என்று கேளுங்கள். உங்கள் பாத் அங்கே டிப்ளாய்டு என்று தெரிந்தால் பிரவுசரில் பாருங்கள். சின்ன ஆப் என்றால் இதிலேயே ஓடிவிடும். அப்படி ஓடினால் அவசரத்துக்கு இது போதும்.

ஆனால் இதை நம்பி லைவுக்குப் போகாதீர்கள். இந்த முறையில் கராஃப் எழுதும் சீட்டில் ஜாவாக்ஸ் முதலான சில பேக்கேஜ்கள் "கிடைத்தால் பரவாயில்லை" என்ற விருப்பத் தேவையாகவே பதிவாகும். அதனால் ஏதாவது இல்லாவிட்டாலும் பண்டில் ஆக்டிவ் என்று பச்சைக்கொடி காட்டும். எவரோ ஒரு வாடிக்கையாளர் அந்த ஒரு பக்கத்தைத் திறக்கும்போதுதான் கிளாஸ் கிடைக்கவில்லை என்று விழும். அதோடு மூன்று ஆப்களிலும் அதே ஜார்கள் மூன்று தடவை. பொதுக் கோடைப் பகிரத்தானே வந்தோம்?

6. சீட்டை ஒழுங்காக எழுதுதல்

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும்.

வெப் ஆப்பாகப் போகும் பண்டிலின் மேனிஃபெஸ்டில் பண்டில்-மேனிஃபெஸ்ட்வெர்ஷன் 2, பண்டில்-சிம்பாலிக்நேம், பண்டில்-வெர்ஷன், வெப்-கான்டெக்ஸ்ட்பாத், பண்டில்-கிளாஸ்பாத், இம்போர்ட்-பேக்கேஜ் ஆகிய வரிகள் வேண்டும். பண்டில்-கிளாஸ்பாத்தில் வெப்-இன்ஃபுக்குள் இருக்கும் கிளாசஸ் ஃபோல்டரையும், லிப் ஃபோல்டரில் மிச்சம் வைக்கும் ஒவ்வொரு ஜாரையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

வெப்-கான்டெக்ஸ்ட்பாத்தில்தான் என் முதல் மூன்று நாள் போனது. பண்டில்:லிஸ்ட் கேட்டால் என் ஆப் ஆக்டிவ். லாகில் ஒரு சிவப்பு வரி இல்லை. பிரவுசரில் 404. ஜெட்டியைச் சந்தேகப்பட்டேன், ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டேன், ஒரு கட்டத்தில் பிரவுசரையே மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பண்டில்:ஹெடர்ஸ் என்ற கட்டளையைப் பண்டில் எண்ணோடு கொடுத்தபோது தெரிந்தது, அந்த வரியே மேனிஃபெஸ்டில் இல்லை. அந்த வரி இல்லாத வார் கோப்பு கராஃபின் கண்ணில் சாதாரணப் பண்டில். ஏற்றச் சொன்னீர்கள், ஏற்றினேன், ஆக்டிவ் ஆக்கினேன் என்று அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆக்டிவ் என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெப்:லிஸ்டில் பெயர் இருக்கிறதா என்பதுதான் சோதனை.

சரி, பாம் கோப்பில் நான் எழுதிய வரி எங்கே போனது? மேவன் பண்டில் பிளக்இன் மேனிஃபெஸ்ட்டை அழகாகத் தயாரித்து டார்கெட் ஃபோல்டரில் வைத்திருந்தது. அதற்குப் பின் ஓடிய மேவன் வார் பிளக்இன் அதைக் கண்டுகொள்ளாமல் தன் சொந்த மேனிஃபெஸ்ட்டைப் போட்டு மூட்டையைக் கட்டிவிட்டது. வார் பிளக்இன் அமைப்பில் ஆர்கைவ் பகுதிக்குள் மேனிஃபெஸ்ட்ஃபைல் என்ற இடத்தில் அந்தத் தயாரித்த கோப்பின் பாதையைக் காட்ட வேண்டும். பண்டில் பிளக்இன்னுக்கும் வார் வகைத் திட்டத்தை ஏற்றுக்கொள் என்று சப்போர்ட்டட்-புராஜெக்ட்-டைப்ஸ் பட்டியலில் சொல்ல வேண்டும். பில்ட் முடிந்தவுடன் வார் கோப்பை அன்ஜிப் செய்து மேனிஃபெஸ்ட்டைக் கண்ணால் பாருங்கள். நாலே நாலு வரி இருந்தால் இந்தப் பொறியில் விழுந்திருக்கிறீர்கள்.

மேனிஃபெஸ்ட்டைக் கையால் எழுதலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு வரி 72 பைட்டுக்கு மேல் போகக் கூடாது, மடக்கினால் அடுத்த வரி ஒரு இடைவெளியோடு தொடங்க வேண்டும், கடைசி வரிக்குப் பின் என்டர் அடித்திருக்க வேண்டும். என்டர் விட்டுப்போனால் கடைசி வரி காணாமல் போகும், எந்தப் புகாரும் வராது.

பதிப்பு எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. மேவன் 1.2.0 போட்டு ஒரு ஹைஃபன் இட்டு ஸ்னாப்ஷாட் என்று எழுதும். ஓஎஸ்ஜிஐக்கு அந்த ஹைஃபன் ஆகாது, அந்த இடத்தில் புள்ளி வேண்டும். பிளக்இன் இதைத் தானே மாற்றிவிடும், கையால் எழுதினால் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து, வெப்-இன்ஃப் லிப் ஃபோல்டரில் எதை வைப்பது, எதை எடுப்பது. சர்வ்லெட் ஏபிஐ ஜார் அங்கே இருக்கவே கூடாது. பாம் கோப்பில் அதன் ஸ்கோப் புரொவைடட் என்று இருக்கட்டும். அதை உள்ளே விட்டால் ஒரே பெயரில் இரண்டு சர்வ்லெட் வந்துவிடும், ஒன்று உங்களுடையது, மற்றது கராஃபுடையது. அப்புறம் லாகில் "இந்த சர்வ்லெட்டை சர்வ்லெட்டாக மாற்ற முடியாது" என்கிற மாதிரி ஒரு கிளாஸ்காஸ்ட் பிழை வரும். முதல் தடவை படிக்கிறவருக்குத் தன் கண்ணிலேயே சந்தேகம் வரும். எஸ்எல்எஃப்4ஜே, லாக்4ஜே என்ற லாக் எழுதும் ஜார்களையும் எடுத்துவிடுங்கள். பேக்ஸ் லாகிங் கராஃபில் ஏற்கனவே இருக்கிறது, பேக்கேஜை இம்போர்ட் செய்தால் போதும். மற்ற சின்னச் சின்ன லைப்ரரிகளை முதல் முறை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தனிப் பண்டிலாக்குகிறேன் என்று முதல் நாளே இறங்கினால் கரையேற மாட்டீர்கள். எங்கள் ஆப்பில் வரிக் கணக்குக் கோடு மட்டும்தான் தனிப் பண்டில்.

7. பிழைச் செய்தியை வாசித்தல்

ஏற்றியதும் பண்டில் இன்ஸ்டால்டு என்ற நிலையிலேயே நின்றால் அது கேட்டது ஏதோ கிடைக்கவில்லை. பண்டில்:டயாக் என்று எண்ணோடு கொடுங்கள். மிஸ்ஸிங் ரிக்வயர்மென்ட் என்று தொடங்கும் நீண்ட வரி வரும். அடைப்புக்குறிகளைப் பார்த்து மிரளாதீர்கள். அதில் வயரிங் பேக்கேஜ் என்பதற்கு அடுத்து ஒரு பேக்கேஜ் பெயரும், அதன் பக்கத்தில் இவ்வளவுக்கு மேல், இவ்வளவுக்குக் கீழ் என்று ஒரு பதிப்பு எல்லையும் இருக்கும். அவை இரண்டும்தான் முக்கியம்.

பிறகு பேக்கேஜ்:எக்ஸ்போர்ட்ஸ் பட்டியலில் அந்தப் பேக்கேஜைத் தேடுங்கள். இல்லவே இல்லை என்றால் அதைத் தரும் பண்டிலை ஏற்றுங்கள், அல்லது ஜாரை உள்ளே வையுங்கள். இருக்கிறது, ஆனால் பதிப்பு எல்லைக்கு வெளியே என்றால் சீட்டில் எல்லையைத் திருத்துங்கள். எங்களுக்கு குவாவா என்ற லைப்ரரியில் இது நடந்தது. பதிப்பு 20-ஐ வைத்து பில்ட் செய்ததால் பிளக்இன் "20 முதல் 21-க்கு முன் வரை" என்று எழுதிவிட்டது. சர்வரில் இருந்தது 30. நாங்கள் பயன்படுத்திய மெத்தட்கள் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான் என்று பார்த்துவிட்டு எல்லையை 20 முதல் 31 வரை விரித்தோம். பார்க்காமல் விரிக்காதீர்கள். அந்த எல்லை உங்களைக் காக்கத்தான் இருக்கிறது.

பதற வேண்டாத இடங்களும் உண்டு. ஃபிராக்மென்ட் வகைப் பண்டில்கள் (வேறொரு பண்டிலோடு ஒட்டிக்கொள்பவை) ரிசால்வ்டு நிலையோடு நின்றுவிடும், ஆக்டிவ் ஆகவே ஆகாது, அது இயல்பு. பண்டில்:லிஸ்டில் நீங்கள் எதிர்பார்க்கும் சிஸ்டம் பண்டில்கள் தெரியாவிட்டால் டி ஆப்ஷனோடு பூஜ்யம் கொடுங்கள். வழக்கமாக அது ஸ்டார்ட் லெவல் 50-க்குக் கீழே இருப்பவற்றைக் காட்டாது. புளூபிரின்ட் (சர்வீஸ்களை இணைக்கும் எக்ஸ்எம்எல்) வைத்த பண்டில் கிரேஸ்பீரியட் என்று காட்டினால் அது ஏதோ ஒரு சர்வீஸுக்காகக் காத்திருக்கிறது. 5 நிமிடம் பார்த்துவிட்டுத் தோல்வி என்று சொல்லும். அந்த 5 நிமிடமும் நீங்கள் காத்திருக்க வேண்டாம், டயாக் கட்டளை எந்த சர்வீஸ் என்று அப்போதே சொல்லிவிடும்.

இரண்டு ஆப்களுக்கு ஒரே கான்டெக்ஸ்ட்பாத் கொடுத்தால் இரண்டாவது ஆப் டிப்ளாய் ஆகாது. பழைய பதிப்பை நீக்க மறந்து புதியதை ஏற்றும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்.

8. டேட்டாபேஸ்

டோம்கேட்டில் டிரைவர் ஜாரை லிப் ஃபோல்டரில் போட்டு கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்லில் ரிசோர்ஸ் எழுதியிருப்பீர்கள். இங்கே இரண்டும் செல்லாது. டிரைவர்மேனேஜரை நேரடியாகக் கூப்பிடும் பழைய கோடும் கிளாஸ்லோடர் சுவரில் முட்டி நிற்கும்.

பேக்ஸ் ஜேடிபிசி கன்ஃபிக் என்ற ஃபீச்சரையும் உங்கள் டேட்டாபேஸுக்கான பேக்ஸ் ஜேடிபிசி ஃபீச்சரையும் ஏற்றுங்கள். எங்களுக்கு போஸ்ட்கிரெஸ். பிறகு இடிசி ஃபோல்டரில் ஓஆர்ஜி புள்ளி ஓபிஎஸ்4ஜே புள்ளி டேட்டாசோர்ஸ் என்று தொடங்கி, ஒரு ஹைஃபனும் நீங்கள் வைக்கும் பெயருமாக முடியும் சிஎஃப்ஜி கோப்பு ஒன்றை வையுங்கள். டிரைவர் பெயர், சர்வர், டேட்டாபேஸ் பெயர், பயனர், கடவுச்சொல் எல்லாம் அதில். சேமித்த சில நொடியில் டேட்டாசோர்ஸ் ஒரு சர்வீஸாகத் தோன்றும். ஆப்பில் இருந்து ஜேஎன்டிஐ (பெயர் சொல்லித் தேடி எடுக்கும் ஜாவா வசதி) வழியாக ஓஎஸ்ஜிஐ சர்வீஸ் முகவரியைக் கொடுத்து எடுக்கலாம், அதற்கு ஜேஎன்டிஐ ஃபீச்சரும் வேண்டும்.

கடவுச்சொல் அந்தக் கோப்பில் வெறும் எழுத்தாக இருக்கும். கராஃப் ஓடும் பயனர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி வையுங்கள்.

கவனிக்க வேண்டியது நேரம். சர்வர் எழும்போது உங்கள் ஆப் முந்திக்கொண்டு, டேட்டாசோர்ஸ் பிந்தி வரலாம். ஆப் தொடங்கும்போதே கனெக்‌ஷன் கேட்கும் கோடு இருந்தால் பத்தில் இரண்டு தடவை விழும், எட்டுத் தடவை ஓடும். இதைப் போல எரிச்சல் தருவது வேறில்லை. முதல் கோரிக்கை வரும்போது டேட்டாசோர்ஸை எடுக்கும்படி மாற்றிவிடுங்கள்.

9. ஃபீச்சர் கோப்பு

இதுவரை கன்சோலில் கையால் ஏற்றியதெல்லாம் டேட்டா ஃபோல்டரின் நினைவில்தான் இருக்கிறது. யாராவது கராஃபை கிளீன் ஆப்ஷனோடு தொடங்கினால் எல்லாம் போச்சு. டிப்ளாய் ஃபோல்டரில் போட்டவை மட்டும் திரும்ப ஏறும், கட்டளையால் ஏற்றியவை ஏறாது. எங்கள் டெஸ்ட் சர்வரில் ஒருவர் நல்ல எண்ணத்தோடு டேட்டா ஃபோல்டரையே அழித்துவிட்டார். லாக் கோப்பும் அதற்குள்தான் இருந்தது. என்ன இருந்தது, எது இல்லை என்று பார்க்கக்கூட வழியில்லை.

ஆகவே ஃபீச்சர்ஸ் எக்ஸ்எம்எல் என்று ஒரே கோப்பு எழுதுங்கள். வார் ஃபீச்சர், ஜேடிபிசி, ஜேஎன்டிஐ, உங்கள் பொதுப் பண்டில், மூன்று வார் கோப்புகள் எல்லாம் அதில் பெயரும் பதிப்புமாக இருக்கட்டும். கராஃபின் ஃபீச்சர்ஸ் சிஎஃப்ஜியில் அந்தக் கோப்பின் முகவரியை ஃபீச்சர்ஸ்ரெப்போசிட்டரீஸ் வரியிலும், ஃபீச்சரின் பெயரை ஃபீச்சர்ஸ்பூட் வரியிலும் சேர்த்துவிட்டால் சுத்தமாகத் துடைத்துத் தொடங்கினாலும் எல்லாம் தானே ஏறும். லைவுக்குப் போகும் முன் ஒருமுறை வேண்டுமென்றே கிளீன் செய்து தொடங்கிப் பாருங்கள். ஏதாவது ஏறாவிட்டால் இப்போதே தெரியட்டும்.

ஒரே ஆப்பை டிப்ளாய் ஃபோல்டரிலும் ஃபீச்சரிலும் வைக்காதீர்கள். இரண்டு பதிப்பு ஏறி மேலே சொன்ன கான்டெக்ஸ்ட்பாத் மோதலில் முடியும். நான் டிப்ளாய் ஃபோல்டரை என் லேப்டாப்பில் மட்டும் பயன்படுத்துகிறேன்.

இணையம் மூடிய சர்வருக்கு இதே ஃபீச்சர் கோப்பிலிருந்து கராஃப் மேவன் பிளக்இன் மூலம் ஒரு கேஏஆர் கோப்பு தயாரிக்கலாம். வேண்டிய பண்டில்கள் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும், வெளியே எதையும் தேடாது. கராஃபையும் சேர்த்து உங்களுக்கென்று ஒரு முழு டிஸ்ட்ரிப்யூஷனாகவும் கட்டலாம். நாங்கள் இப்போது அதைத்தான் செய்கிறோம். சர்வரில் விரித்தால் முடிந்தது.

10. லைவுக்குப் போகும்போது

8181-ஐ வெளியே திறக்காதீர்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து எஸ்எஸ்எல்லை அதிலேயே முடித்துவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், 90 நாளில் காலாவதி ஆகும் என்பதால் தானே புதுப்பிக்கும்படி அமைக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் அனுப்பும் ஃபார்வர்டட் ஹெடர்களைச் சரியாக அமைக்காவிட்டால் லாகின் செய்ததும் பயனர் எஸ்எஸ்எல் இல்லாத 8181 முகவரிக்குத் தூக்கியெறியப்படுவார்.

எஸ்எஸ்ஹெச் கன்சோலின் 8101, ஜாவாவை வெளியிலிருந்து கண்காணிக்கும் ஜேஎம்எக்ஸின் 1099, 44444 ஆகிய போர்ட்களை ஃபயர்வாலில் மூடுங்கள். பழைய பதிப்புகளில் கராஃப் என்ற பயனருக்கு கராஃப் என்றே கடவுச்சொல் திறந்திருக்கும். புதிய பதிப்புகளில் யூசர்ஸ் பிராப்பர்ட்டீஸ் கோப்பில் அந்த வரி முடக்கப்பட்டிருக்கும், நீங்கள் முடக்கத்தை நீக்கும்போது கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

மெமரி அளவை பின் ஃபோல்டரில் உள்ள செட்இஎன்வி கோப்பில் வையுங்கள். சர்வர் மறுபடி எழும்போது கராஃபும் எழ, பின் ஃபோல்டரின் கான்ட்ரிப் பகுதியில் சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பு தயாரிக்கும் ஸ்க்ரிப்ட் கராஃபோடேயே வருகிறது. நான் இதைப் பார்க்காமல் சொந்தமாக ஒன்று எழுதி அரை நாள் வீணாக்கினேன்.

ஓடும்போதே ஆப்பை மாற்றலாம் என்பதுதான் கராஃபின் பெருமை. அதற்கும் ஒரு விலை உண்டு. பண்டில்:அப்டேட் கொடுத்தால் அந்த ஆப்பின் செஷன்கள் போய்விடும், பாதி பில் போட்டுக்கொண்டிருந்தவர் லாகின் பக்கத்துக்குப் போவார். பொதுப் பண்டிலை மாற்றினால் பண்டில்:ரெஃப்ரெஷும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற ஆப்கள் பழைய கோடையே பிடித்துக்கொண்டிருக்கும். ரெஃப்ரெஷ் கொடுத்தால் அதைச் சார்ந்த மூன்று ஆப்களும் ஒருமுறை இறங்கி ஏறும். அதனால் ரிப்போர்ட் ஆப்பைப் பகலில் மாற்றுகிறோம். வரிக் கணக்குப் பண்டிலை இரவு 9 மணிக்கு, கவுன்டர் மூடிய பின்தான். அதோடு திரும்பத் திரும்ப அப்டேட் செய்துகொண்டே போனால், ஆப் தொடங்கிவிட்டு நிறுத்தாத த்ரெட்களால் பழைய கிளாஸ்லோடர்கள் மெமரியில் தங்கிவிடும். ஐந்தாறு அப்டேட்டுக்கு ஒருமுறை கராஃபையே நிறுத்தித் தொடங்கிவிடுகிறேன்.

நகல் எடுக்கும்போது இடிசி ஃபோல்டரையும் ஃபீச்சர் கோப்பையும் கிட் என்ற பதிப்புக் காப்புக் கருவியில் வையுங்கள், கடவுச்சொல் உள்ள சிஎஃப்ஜி கோப்புகளையும் யூசர்ஸ் பிராப்பர்ட்டீஸையும் தவிர்த்து. பழைய டோம்கேட்டை ஒரு மாதம் அப்படியே நிறுத்திவைத்திருங்கள், அழிக்க வேண்டாம். என்ஜின்எக்ஸில் ஒரு வரியை மாற்றி அதற்குத் திரும்ப 2 நிமிடம்தான் ஆகும். எங்களுக்கு முதல் வாரத்தில் ஒருமுறை அது தேவைப்பட்டது.